பாகம் பாகமாக வந்த கதைகள்

கதை உலகில் ‘தொடர்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒரே கதை பல பாகங்களாக நீள்வது ஒன்று. ‘பொன்னியின் செல்வன்’, ‘கடல் புறா’ அந்த வகை. கதைகள் வெவ்வேறாக இருக்க, ஆட்கள் மட்டும் திரும்பத் திரும்ப வருவது மற்றது. சங்கர்லாலும் கணேஷ் – வசந்தும் அப்படி வந்தவர்கள். தமிழில் இரண்டு வகையையும் வளர்த்தவை சஞ்சிகைகள்தான். இங்கிலாந்திலும் ஷெர்லொக் ஹோம்ஸ் 1891 முதல் ‘ஸ்ட்ராண்ட்’ என்ற சஞ்சிகையில் வந்துதான் புகழ்பெற்றார்.

ஷார்ஜா தொழில்பேட்டையில் கணக்கெழுதும் என்னிடம் எம்மவர் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி, பிள்ளைகளுக்கு எந்தத் தொடரை வாங்குவது என்பது. அதற்காகவே இந்தக் குறிப்பு.

பெரும்பாலான வீடுகளில் முதலில் வருவது ‘பொன்னியின் செல்வன்’. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில், மணியத்தின் ஓவியங்களோடு வாராவாரம் வந்தது. புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாக சிகரம் என ஐந்து பாகங்கள். எம்மவர் கவனிக்க வேண்டியது இரண்டாம் பாகம். வந்தியத்தேவன் கோடிக்கரையிலிருந்து பூங்குழலியின் படகில் கடல் தாண்டி ஈழத்துக்கு வருகிறான். அனுராதபுரம் வருகிறது, தொண்டைமானாறு வருகிறது. வடமராட்சிப் பேரனுக்கு அந்த அத்தியாயங்களைத் தாத்தாவோ அம்மம்மாவோ பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டினால் நல்லது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனதால் பல பதிப்பகங்கள் இதை அச்சிடுகின்றன. சுருக்கப் பதிப்புகளும் உண்டு, அட்டையைக் கவனித்து வாங்குங்கள். மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது.

சாண்டில்யனின் ‘கடல் புறா’ மூன்று பாகம், ‘குமுதம்’ தந்த பிள்ளை. கப்பல், கலிங்கம், கடாரம் என்று கதை ஓடும். இடையிடையே நாயகியின் அழகை வர்ணிக்கக் கதை நின்றுவிடும். சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முன் பெற்றோர் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

துப்பறியும் கதைகளில் எங்கள் தலைமுறையின் தகப்பன்மார் வாசித்தது தமிழ்வாணனின் சங்கர்லால். தேநீர் குடித்துக்கொண்டே மர்மத்தை அவிழ்ப்பவர். இன்றைய பிள்ளைக்கு அது பழசாகத் தெரியும். சுஜாதாவின் வழக்கறிஞர் கணேஷும் உதவியாளன் வசந்தும் அப்படிப் பழசாகவில்லை. ‘கொலையுதிர் காலம்’ அறிவியலா ஆவியா என்று கடைசிவரை ஆட்டிப்படைக்கும். (வசந்த் சொல்ல வரும் மெக்சிகோ சலவைக்காரி ஜோக்கை யாரும் முழுதாகக் கேட்டதில்லை. கேட்டவர் இருந்தால் எனக்கும் சொல்லுங்கள்.) ராஜேஷ்குமாரின் விவேக் – ரூபலா கதைகள் கேம்ப் அறைகளில் அட்டை கிழியக் கிழியக் கைமாறுபவை. ஒரே இரவில் முடியும், அடுத்த நாள் மறந்துபோகும். களைத்து வருகிறவனுக்கு அதுவும் தேவைதான்.

அறிவியலுக்கு சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வும் அதன் தொடர்ச்சியான ‘மீண்டும் ஜீனோ’வும். ஜீனோ என்ற இயந்திர நாயின் குறும்புக்காகப் பிள்ளைகள் வாசிப்பார்கள். பெரியவர்களுக்கு வேறு விஷயம் தென்படும். அந்த நாட்டில் பெயர் இரண்டெழுத்து, ஆளுக்கு ஓர் எண், பிள்ளை பெறவும் அரசின் அனுமதி. அடையாள அட்டையும் விசாக் காகிதமுமாகப் பாதி வாழ்க்கையைக் கழித்தவர்களுக்கு இதில் கற்பனை குறைவு.

மேலே சொன்ன எல்லாம் தமிழ்நாட்டில் பிறந்தவை. 1970களின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்கு இலங்கை அரசு கட்டுப்பாடு விதித்தது. தொடர்கதை பாதியில் நின்றுபோன வாசகர்களுக்கு அது இழப்பு. ஆனால் அதே காலத்தில்தான் வீரகேசரி பிரசுரங்கள் மலிவு விலையில் ஈழத்து நாவல்களை ஊரூராகக் கொண்டுபோயின. கே. டானியலின் ‘பஞ்சமர்’ வந்ததும் அந்தப் பத்தாண்டில்தான். அதைத் தொடர்ந்து ‘கோவிந்தன்’, ‘அடிமைகள்’, ‘கானல்’, ‘தண்ணீர்’ என்று ஒரு வரிசையே வந்தது. தேநீர்க்கடையில் குவளை மறுக்கப்பட்டவர்கள், கோயில் வாசலில் தடுக்கப்பட்டவர்கள், கிணற்றில் அள்ள முடியாதவர்கள்தான் இதன் ஆட்கள். ஊரைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நாங்கள் விட்டுவிடுகிற பகுதி இது. டானியலின் நடை கரடுமுரடு என்பார்கள். இருக்கட்டும். 1986-இல் தஞ்சாவூரில் இறந்த அந்த மனிதர் எழுதிவைக்காவிட்டால், அந்தக் கணக்கு எந்தப் பேரேட்டிலும் ஏறியிருக்காது.

இன்னொரு தொடரும் ஐந்து பாகம்தான். தேவகாந்தனின் ‘கனவுச்சிறை’: திருப்படையாட்சி, வினாக்காலம், அக்னி திரவம், உதிர்வின் ஓசை, ஒரு புதிய காலம். 1981 முதல் 2001 வரையான இருபது ஆண்டுகளை நயினாதீவிலிருந்து தொடங்கிச் சொல்கிறது. ஊரில் நின்றவர்கள், தமிழ்நாட்டுக்குப் போனவர்கள், மேற்கு நாடுகளில் சிதறியவர்கள் எல்லோரும் வருகிறார்கள். கல்கியின் படகு ஈழத்துக்கு வந்தது. எங்கள் காலத்துப் படகுகள் எதிர்த்திசையில் போயின, அவற்றில் போனவர்களின் கதை இது. காலச்சுவடு ஒரே தொகுப்பாகவும் வெளியிட்டது. தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு நேத்ரா ரொட்ரிகோவின் ஆங்கில மொழிபெயர்ப்பு உண்டு. இங்குள்ள வீடுகளில் சோழரின் ஐந்து பாகங்கள் கண்ணாடி அலுமாரியில் இருக்க, இந்த ஐந்தும் இல்லாததைப் பல தடவை பார்த்திருக்கிறேன். இளவரசன் சிறைப்படுவானா என்று பதறும் பிள்ளைக்குத் தன் மாமா ஏன் சூரிச்சில் இருக்கிறார் என்பது தெரியாது. வசதி இருந்தால் இரண்டையும் வாங்குங்கள். ஒன்றுதான் முடியும் என்றால், கல்கி இலவசமாகக் கிடைக்கிறார் என்பதை நினைவில் வையுங்கள்.

வாங்கும் வழி பற்றியும் ஒரு வார்த்தை. 1982 முதல் நடக்கும் ஷார்ஜா சர்வதேசப் புத்தகக் கண்காட்சி பெரும்பாலும் நவம்பரில் எக்ஸ்போ சென்டரில் கூடும். மலையாளப் பதிப்பகங்களின் கடைகள் நிறைந்திருக்கும், தமிழுக்குத் தேட வேண்டும். சென்னையிலிருந்து வருகிறவரிடம் சொல்லி எடுப்பதென்றால் எல்லாப் பாகங்களையும் ஒரே பதிப்பில், ஒரே தடவையில் கேளுங்கள். பாகம் பாகமாகச் சேர்க்க நினைத்தால் விசா முடியும், வேலை மாறும், இரண்டாம் பாகம் ஷார்ஜாவில் கிடக்க நான்காம் பாகம் ரொறன்ரோவுக்குப் போய்விடும். இடைப்பாகம் இல்லாத தொடர், முந்திய மாத மீதி எழுதாத பேரேடு மாதிரி. பழைய ஈழத்து நாவல்களைக் கடையில் தேடி அலைய முன் நூலகம் நிறுவனத்தின் மின்னூலகத்தைப் பாருங்கள். ஏராளமான ஈழத்து நூல்கள் அங்கே பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. உங்களிடம் பழைய வீரகேசரி பிரசுரம் ஏதும் இருந்தால், அது அங்கே ஏறியிருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.