ஒண்டாச்சி: ஒரு கொழும்புக் குடும்பப் பெயரின் ஆவணத் தடம்

முன்னுரை

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் குடியேறிய ஒரு குடும்பத்தின் வரலாற்றைத் தேடுபவருக்குப் பெயர் அதிகம் கைகொடுக்காது. தகப்பன் பெயர் மகனுக்கு முதலெழுத்தாகிறது. பேரனிடம் அதுவும் மறைந்துவிடுகிறது. ஆகவே அவர் காணி உறுதிகளையும் சீதன உறுதிகளையும் கோயில் உரிமைகளையும் கொண்டே தலைமுறைகளைக் கோக்க வேண்டும். கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, செட்டியார் தெரு வட்டாரத்தில் நிலைமை வேறு. அங்கு வாழ்ந்த கொழும்புச் செட்டிகளிடையே காசிச்செட்டி, கந்தப்பா, ஒண்டாச்சி போன்ற பெயர்கள் தலைமுறை தலைமுறையாக மாறாமல் வந்துள்ளன.

தமிழ் மரபுக்குப் புதிதான இந்தப் பரம்பரைப் பெயர்கள் நிலைபெற்றதற்கு ஒல்லாந்தர் காலத் தேவாலயப் பதிவேடுகளும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்களுமே முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம். அரிதாக வழங்கும் ஒண்டாச்சி என்ற பெயர் இதற்கு நல்ல சான்று.

1659: மரபும் அதன் நம்பகமும்

குடும்ப மரபின்படி, இப்பெயரின் முன்னோர் தஞ்சாவூரிலிருந்து வந்த ஒரு வைத்தியர். ஒல்லாந்த ஆளுநர் அட்ரியான் வான் டெர் மெய்டனின் மனைவிக்குச் சிகிச்சை செய்ய 1659இல் கொழும்புக்கு அழைக்கப்பட்ட அவர் இங்கேயே தங்கிவிட்டார்.

குடும்பக் கதைகளை அப்படியே ஏற்பது ஆய்வாகாது. காலமும் சூழலும் பொருந்துகின்றனவா என்று பார்க்கலாம். ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பை 1656இலும், யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் 1658இலும் கைப்பற்றினர். ஆகவே 1659இல் தஞ்சைக் கரையும் கொழும்பும் ஒரே கம்பெனியின் கப்பல் வழியால் இணைந்திருந்தன. வான் டெர் மெய்டன் அவ்வாண்டில் ஆளுநராக இருந்ததும் உறுதி. இவை கதையை மெய்ப்பித்துவிடவில்லை. ஆனால் பிற்காலத்தில் புனையப்பட்ட கதைகளில் வழக்கமாகத் தென்படும் காலக்குழப்பம் இதில் இல்லை.

பதிவேடு செய்த வேலை

ஒல்லாந்தர் ஆட்சியில் ஒருவர் கம்பெனி உத்தியோகம் பெறவும், முதுசச் சொத்துக்கு உரிமை கோரவும் ஞானஸ்நானப் பதிவும் திருமணப் பதிவும் பெரிதும் வேண்டியிருந்தன. ஊர்ப்புறங்களில் இந்தப் பதிவுகளைப் பள்ளி ஆசிரியரே வைத்திருந்தார். இவையே பள்ளித் தோம்புகள். இவற்றுடன் ஆட்களைப் பதிந்த தலைத் தோம்பும், நிலத்தைப் பதிந்த காணித் தோம்பும் இருந்தன. தலைத் தோம்பின் ஓர் ஏட்டில் குடும்பத் தலைவர் பெயர் முதலில் வரும்; அதன்கீழ் மனைவி, பிள்ளைகள், உடன் வாழும் உறவினர் என ஒரு வீடு முழுவதும் அடுக்கப்பட்டிருக்கும்.

இப்படிப் பதியும்போது எழுத்தருக்கு நிலையான பெயர் ஒன்று தேவைப்பட்டது. தகப்பன் பெயரை முன்வைக்கும் தமிழ் வழக்கு அவருக்கு வசதியாக இல்லை. வீட்டுக்குரிய ஒரு பெயர் ஏட்டில் ஏறியதும், அடுத்த ஞானஸ்நானத்தின்போது எழுத்தர் அதையே பார்த்து எழுதினார். ஒண்டாச்சி என்பதன் ஒல்லாந்த எழுத்துக்கூட்டல் இன்றும் மாறாதிருப்பதற்கு அந்த ஏட்டு வழக்கமே அடிப்படை.

கொழும்பிலிருந்து உத்ரெக்ட்டுக்கு

பதினெட்டாம் நூற்றாண்டில் இக்குடும்பத்தவர் சமயப் பணியில் உயர்ந்தனர். கொழும்பில் போதகராயிருந்த வில்லெம் யூரியான் ஒண்டாச்சியின் மகன் பீட்டர் பிலிப் யூரியான் குவின்ட் ஒண்டாச்சி 1758இல் இங்கு பிறந்தார். நெதர்லாந்துக்குக் கல்வி கற்கச் சென்ற அவர், 1780களில் உத்ரெக்ட் நகரில் ஒரேஞ்சு இளவரசரின் சார்பினரை எதிர்த்த தேசாபிமானிகள் இயக்கத்தின் முன்னணித் தலைவரானார். 1787இல் பிரஷ்யப் படை புகுந்ததும் பிரான்சுக்குத் தப்பினார். 1818இல் பட்டாவியாவில் இறந்தார்.

அவர் பெயரின் நடுவில் உள்ள குவின்ட், ஒல்லாந்தரான தாய் வழியிலிருந்து வந்தது. தந்தைவழிப் பெயரையே பின்தொடரும் ஆய்வுகளில் பெண்கள் காணாமற் போகின்றனர். இங்கு ஒரு தாயின் குடும்பம் மகனின் பெயருக்குள்ளேயே தப்பிப் பிழைத்திருக்கிறது. ஆகவே ஆய்வாளர் நடுப்பெயர்களைக் கடந்து போய்விடக் கூடாது.

வகைப்பாட்டுக்கு அடங்காத பெயர்

1796இல் ஆங்கிலேயர் வந்தபின் கேள்வி மாறியது: இவர்கள் எந்த இனம்? பறங்கியர் என்போர் தந்தை வழியில் ஐரோப்பியராக இருக்க வேண்டும் என்று பிரதம நீதியரசர் ரிச்சர்ட் ஒட்லி 1830இல் கோல்புறூக் ஆணைக்குழுவிடம் விளக்கினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றிய ஒல்லாந்தப் பறங்கியர் சங்கமும் தந்தை வழியையே அளவுகோலாக்கியது. ஒல்லாந்தப் பெயரமைப்பும் சமயமும் கொண்டிருந்தும், தஞ்சை வைத்தியரின் ஆண்வழி இந்த அளவுகோலுக்கு வெளியே நிற்கிறது. கொழும்புச் செட்டிகளோ நெடுங்காலம் தமிழரோடு சேர்த்து எண்ணப்பட்டு, 2001 குடிசன மதிப்பீட்டில் இலங்கைச் செட்டி என்ற தனிப்பிரிவாயினர். ஒரே வம்சம் காலத்துக்கேற்ப வெவ்வேறு பெட்டிகளில் வைக்கப்பட்டுள்ளது. குடும்பப் பெயரை இனச் சான்றாகக் கொள்வது எவ்வளவு பிழையானது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

கல்லும் ஏடும்

1943இல் பிறந்து கனடாவில் வாழும் எழுத்தாளர் மைக்கேல் ஒண்டாச்சி, தம் குடும்பத்தைத் தேடி எழுதிய 'ரன்னிங் இன் த ஃபேமிலி' நூல் 1982இல் வெளியானது. கொழும்பின் புனித தோமையார் தேவாலயத் தரைக்கல்லில் தம் குடும்பப் பெயரைக் காண்பதையும், பூச்சி அரித்த பழைய பதிவேடுகளைப் புரட்டுவதையும் அதில் விவரிக்கிறார். கல் ஒருவரின் முடிவை மட்டுமே சொல்லும். பிறப்பு, ஞானத் தாய் தந்தையர், திருமணச் சாட்சிகள் என உறவுகளின் வலை முழுவதும் ஏட்டில்தான் இருக்கிறது. அந்த ஏடுதான் முதலில் அழிகிறது.

முடிவு

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆவணங்களை யுனெஸ்கோ 2003இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அவற்றில் இலங்கைப் பகுதியைக் கொழும்புத் தேசிய சுவடிகள் திணைக்களம் காக்கிறது. 1749இல் கட்டத் தொடங்கி 1757இல் அர்ப்பணிக்கப்பட்ட வுல்பெண்டால் தேவாலயத்தின் நினைவுக்கற்களும் ஆய்வாளருக்குத் திறந்தே இருக்கின்றன. குறை எங்கே என்றால், இவற்றை வாசிக்கும் தமிழர் மிகச் சிலர். கொழும்புத் தமிழ்க் கிறிஸ்தவரின் ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டு வாழ்வு பெரும்பாலும் ஒல்லாந்த மொழியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. நமது பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகள் அம்மொழியையும் அதன் கையெழுத்து முறையையும் மாணவருக்குக் கற்பிக்க வேண்டும். தேவாலயங்களிடம் எஞ்சியுள்ள ஏடுகளை உடனே படமெடுத்துக் காக்க வேண்டும். செய்தால் கொட்டாஞ்சேனையின் ஒவ்வொரு பழைய பெயருக்கும் பின்னால் உள்ள மனிதரை நாமே அறியலாம். பிறர் எழுதித் தரும் வம்சக் கதையை நம்பியிருக்க வேண்டியதில்லை.