மலிவான வீடும் விலை கூடிய வீடும்: வட்டாரப் பயணக் கணக்கெடுப்புக்கு நிதி ஒதுக்கும் முறை

அமெரிக்கப் பெருநகரத் திட்டமிடல் அமைப்புகள் வீட்டுப் பயணக் கணக்கெடுப்புக்கு நிதி கேட்கும்போது பெரும்பாலும் ஒரு பெருக்கல் கணக்கோடு வருகின்றன. ஒரு வீட்டிடமிருந்து முழுமையான பதில் பெற இத்தனை டாலர். இத்தனை ஆயிரம் வீடுகள் வேண்டும். ஆகவே மொத்தம் இவ்வளவு. நிர்வாகக் குழுவுக்கு இது எளிதில் விளங்கும். ஒப்பந்தப்புள்ளிகளை ஒப்பிடவும் வசதி. ஆனால் எல்லா வீட்டுக்கும் ஒரே விலை என்ற அனுமானம் இந்தப் பெருக்கலுக்குள் ஒளிந்திருக்கிறது. எளிதில் பதில் தரும் வீடு மலிவானது. அது சொல்லும் செய்தியும் பெரும்பாலும் நாம் முன்பே அறிந்ததுதான். பதில் பெற அரிதான வீடு விலை கூடியது. பேருந்துத் தடங்களை மாற்றுவது, கட்டணத்தைக் கூட்டுவது போன்ற கடினமான முடிவுகளோ அந்த வீட்டைத்தான் முதலில் தாக்குகின்றன. நிதித் திட்டம் சராசரி வீட்டிலிருந்து தொடங்கக் கூடாது, அந்த அரிய வீட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பெருக்கல் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது பயன் தரும். 1944ஆம் ஆண்டின் கூட்டாட்சி நெடுஞ்சாலைச் சட்டம் நகர்ப்புறச் சாலைகளுக்கும் நிதி வழங்கியபோது, வீடு வீடாகச் சென்று நேர்காணும் முறையும் வரையறுக்கப்பட்டது. ஜே. டக்ளஸ் கரோல் தலைமையில் 1956இல் சிகாகோவில் நடந்த கணக்கெடுப்பு அதன் உச்சம் எனலாம். முப்பது வீட்டுக்கு ஒரு வீடு என்ற விகிதத்தில், ஏறத்தாழ 50,000 வீடுகளில் நேர்காணல் நடந்தது. கதவைத் தட்டினால் திறந்த காலம் அது. வீட்டுக்கு வீடு செலவில் பெரிய வேறுபாடு இல்லாததால், சராசரி விலை பொருளுள்ளதாகவே இருந்தது. 1962ஆம் ஆண்டுச் சட்டம் 50,000 பேருக்கு மேல் வாழும் நகர்ப்பகுதிகளில் தொடர்ச்சியான, முழுமையான, கூட்டான திட்டமிடலைக் கட்டாயமாக்கியது. கணக்கெடுப்பு இவ்வாறு வட்டார நிர்வாகத்தின் நிலையான வேலையாயிற்று.

1970களில் பொருளியலாளர் டேனியல் மெக்ஃபேடன் முதலியோர் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியின் பயணத் தேர்வுகளை ஆராய்ந்து, தனிமனிதத் தேர்வை அடிப்படையாகக் கொண்ட மாதிரியமைப்புகளுக்குப் பல்லாயிரம் வீடுகள் தேவையில்லை என்று காட்டினர். மாதிரி சுருங்கியது. சிகாகோ வட்டாரத்தின் 2007-08 கணக்கெடுப்பு சுமார் 10,500 வீடுகளோடு நின்றது. 2018-19இல் 12,000 வீடுகள். 1956இல் இருந்ததைவிட வட்டாரம் பெரிது; மாதிரியோ நான்கில் ஒரு பங்கு. அதில் தவறேதும் இல்லை. ஒரு வீட்டின் சராசரிப் பயண எண்ணிக்கையை அறிவதுதான் நோக்கம் என்றால் சில ஆயிரம் வீடுகளே போதும். எண்ணிக்கையின் திட்டவிலக்கம் சராசரிக்குச் சமம் என்று கொண்டால், 5,000 வீடுகள் 95 சதவீத நம்பிக்கையில் 2.8 சதவீதப் பிழையையே விடும்.

ஆனால் வட்டாரத் திட்டம் சராசரியைக் கேட்பதில்லை. கார் இல்லாத வீடுகள் தம் பயணத்தை எப்படி நடத்துகின்றன என்று கேட்கிறது. அத்தகைய வீடுகள் வட்டாரத்தில் பத்தில் ஒன்று என்றும், மற்ற வீடுகளைவிடப் பாதி விகிதத்திலேயே பதில் தருகின்றன என்றும் வைத்துக்கொள்வோம். 5,000 பதில்களில் அவற்றின் பங்கு 500 இராது, சுமார் 263 இருக்கும். பிழை 12 சதவீதம் ஆகிவிடும். அதே அளவில் இரண்டு கணக்கெடுப்புகளை ஒப்பிட்டு மாற்றத்தை அறிய முயன்றால் பிழை 17 சதவீதம். பேருந்துச் சேவையைக் குறைத்ததால் பத்து சதவீதப் பயணங்கள் நின்றுபோயின என்றால்கூட இந்தக் கணக்கெடுப்பால் அதை உறுதியாகச் சொல்ல முடியாது. பல இலட்சம் டாலர் செலவழித்த பிறகு வரும் மௌனம் இது. என் பார்வையில், கணக்கெடுப்பே நடக்காததைவிட இது தீங்கானது. மாற்றம் ஏதும் நிகழவில்லை என்று வாதிட எவரும் இதைக் காட்டிவிடலாம்.

விலை வேறுபாடு எப்படி உருவாகிறது? இன்று மாதிரி பெரும்பாலும் அஞ்சல் துறையின் முகவரிப் பட்டியலிலிருந்து எடுக்கப்படுகிறது. 2009ஆம் ஆண்டின் தேசிய வீட்டுப் பயணக் கணக்கெடுப்பு நிலவழித் தொலைபேசி எண்களை நம்பியது; 2017இல் முகவரி முறைக்கு மாறியது. அவ்வாண்டு பதிலளிப்பு விகிதம் 15.6 சதவீதம். அழைப்புக் கடிதத்துடன் 2 டாலர், பயணக் குறிப்பேட்டுடன் 5 டாலர், எல்லாம் முடிந்ததும் 20 டாலர் எனப் பணம் கொடுத்தும் அவ்வளவுதான். முகவரி ஒன்றுக்குக் கடிதம், நினைவூட்டல், முன்பணம் எல்லாம் சேர்த்து 8 டாலர் என்று ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். நூற்றில் பத்து வீடு பதில் தரும் தெருவில் ஒரு பதிலுக்கு 80 டாலர். ஐந்தே வீடு தரும் தெருவில் 160. அதன் பின் வரும் ஊக்கத்தொகை, தொலைபேசி உதவி, தரவுச் சீராக்கம் ஆகியவற்றுக்கு இரண்டிலும் 100 டாலர். ஆக 180க்கும் 260க்கும் உள்ள வேறுபாடு.

இந்த இடத்தில் நேர்மையான எதிர்வாதம் ஒன்று உண்டு. வீடுகளை வகைவாரியாக அடுக்குகளாகப் பிரித்து எடுக்கும் அடுக்குவாரி மாதிரியை எவ்வாறு பங்கிடுவது என்று புள்ளியியலாளர் யெர்சி நெய்மன் 1934இல் வகுத்த கோட்பாட்டின் வழியில், செலவு கூடிய அடுக்கில் குறைவாகவே எடுக்க வேண்டும். விகிதம் செலவின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழாக அமையும். நம் எடுத்துக்காட்டில் அரிய வீடுகளை ஆறில் ஐந்து பங்காகக் குறைக்கச் சொல்லும் அந்த விதி. கணிதம் சரி, கேள்விதான் வேறு. வட்டார மொத்தச் சராசரியின் பிழையை இயன்றவரை குறைப்பது அந்த விதியின் இலக்கு. அந்த இலக்கை நாம் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. பெருக்கல் கணக்கு நமக்காகத் தேர்ந்தெடுத்துவிட்டது. கார் இல்லாத வீடுகளின் பிழைக்கு ஒரு மேல்வரம்பு வைத்துவிட்டு, மீதிப் பணத்தைக் கொண்டு சராசரியைத் துல்லியமாக்குவோம் என்றால் விடை தலைகீழாகிறது.

எவ்வளவு இழப்போம் என்றும் கணக்கிடலாம். 263ஐ 500 ஆக்க இன்னும் 237 அரிய வீடுகள், சுமார் 61,600 டாலர். அதற்காக 342 மலிவான வீடுகளைக் கைவிட வேண்டும். அரிய வீடுகளின் பிழை 12 சதவீதத்திலிருந்து 9க்கும் கீழே இறங்குகிறது. வட்டாரச் சராசரியின் பிழையோ, எடையிடலின் (சில வகைப் பதில்களைக் கூட்டியோ குறைத்தோ எண்ணுவதன்) விளைவைச் சேர்க்காமல் பார்த்தால், ஏறக்குறைய அதே 2.8 சதவீதத்திலேயே நிற்கிறது. எந்த முகவரியில் கார் இல்லை என்பது முன்கூட்டித் தெரியாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் ஆண்டுதோறுமான சமுதாயக் கணக்கெடுப்பு சிறு பகுதி வாரியாகவே அதைச் சொல்கிறது. ஆகவே கூடுதல் செலவு மூன்று மடங்கே ஆகட்டும். ஆயிரத்துக்குச் சற்று அதிகமான மலிவான வீடுகளை விட்டுக்கொடுத்தாலும் சராசரியின் பிழை 3 சதவீதத்தைத்தான் தொடும். இத்தனை சிறு விலைக்கு இத்தனை பெரிய பலன் வேறெங்கும் கிடைப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பதில் குறைவதைப் பின்னால் எடையிட்டுச் சரிசெய்யலாமே என்று ஒப்பந்தக்காரர்கள் சொல்வதுண்டு. எடையிடல் சாய்வைக் குறைக்கும். கிடைக்காத தகவலைக் கொண்டுவராது. புள்ளியியலாளர் லெஸ்லி கிஷ் தந்த எளிய வாய்பாட்டின்படி, எடைகளின் திட்டவிலக்கம் அவற்றின் சராசரிக்குச் சமமானால் மாதிரியின் பயனுறு அளவு பாதியாகும். ஏட்டில் 10,000 வீடுகள், பயனில் 5,000. அப்போது ஒரு வீட்டுக்கு 200 டாலர் கொடுத்ததாக எண்ணிய அமைப்பு உண்மையில் 400 கொடுத்திருக்கிறது. நிதி அறிக்கையில் இந்த இரண்டாவது எண்ணை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

கைபேசிச் செயலி வந்ததும் செலவு குறையும் என்ற நம்பிக்கை பரவியது. நினைவிலிருந்து தவறும் சிறு பயணங்களைச் செயலி பிடித்துவிடுகிறது என்பது உண்மை. பழைய வீட்டு நேர்காணல்களில் நடைப்பயணம் பெரும்பாலும் எண்ணப்படவே இல்லை என்பதை நினைத்தால் இது பெரிய முன்னேற்றம். ஆனால் செயலியை நிறுவுபவரும் எளிதில் பதில் தரும் வீட்டாரே. மலிவான பதிலை இன்னும் மலிவாக்கும் கருவி விலை இடைவெளியை விரிக்கிறது.

காலமும் பணத்தோடு பிணைந்தது. சிகாகோவில் பெரிய கணக்கெடுப்புகள் 1956, 1970, 1990, 2007-08, 2018-19 என நீண்ட இடைவெளியில் நடந்தன. ஆண்டு வேலைத்திட்டத்துக்குள் அடங்காத ஒரு பெருந்தொகையைச் சேர்க்கப் பல ஆண்டுகள் ஆகும் என்பது இத்தகைய இடைவெளிக்கு ஒரு காரணம். 2019 வசந்தத்தில் களப்பணி முடிந்தது. அடுத்த வசந்தத்தில் கொரோனா அலுவலகங்களை மூடியது. அவ்வளவு கவனத்தோடு எடுத்த படம் ஓராண்டுக்குள் முந்தைய உலகின் படமாகிவிட்டது. சியாட்டில் நகரை உள்ளடக்கிய பியூஜெட் சவுண்ட் வட்டாரம் 2017 முதல் ஈராண்டுக்கு ஒருமுறை சிறு மாதிரி எடுக்கிறது. சிட்னி 1997 முதல் ஆண்டு முழுதும் தொடர்ந்து எடுக்கிறது. சிறு மாதிரியில் அரிய வீடுகள் இன்னும் அரிதாகுமே என்றால், சில ஆண்டுகளைச் சேர்த்துப் பார்ப்பது விடை. அதைவிடப் பெரிய இலாபம், முதல் ஆண்டில் எந்தத் தெருவில் கடிதம் வீணாயிற்று என்று கற்றதை இரண்டாம் ஆண்டில் பயன்படுத்தலாம் என்பது. பத்தாண்டுக்கு ஒருமுறை நடத்தும் அமைப்பில் அதைக் கற்றவர்களே அடுத்த சுற்றில் இருப்பதில்லை.

எல்லாவற்றிலும் பிடிவாதமான தடை ஒப்பந்தத்தில் இருக்கிறது. முடிந்த வீட்டுக்கு ஒரே விலை என்று பணம் கொடுத்தால், எந்த நிறுவனமும் மலிவான வீடுகளைத்தான் முதலில் சேர்க்கும். அதைக் குறைசொல்ல முடியாது, நாம் கேட்டது அதைத்தான். ஆகவே விலைப்பட்டியலில் அடுக்குக்கு ஒரு விலை வேண்டும். அரிய அடுக்கின் விலையை முன்னோட்டக் கணக்கெடுப்பு முடிந்த பிறகே இறுதிசெய்ய வேண்டும். அதுவரை அது ஊகம். அந்த விலையில் கதவைத் தட்டும் செலவும், வேற்றுமொழி நேர்காணல் செலவும், முன்பணத்தை இரட்டிப்பாக்கும் செலவும் தனித்தனியே தெரிய வேண்டும். களப்பணியின் இறுதி வாரங்களில் இலக்கு எட்டாதபோது, அரிய அடுக்கின் மிச்சப் பணத்தை எளிதில் பதில் தரும் அடுக்குக்கு மாற்றி மொத்த எண்ணிக்கையை நிரப்பும் வழக்கத்தை ஒப்பந்தமே தடுக்க வேண்டும். அந்தப் பணம் செலவாகாமல் நின்றால், எந்தத் தெருவில் எத்தனை கதவுகள் திறக்கவில்லை என்ற கணக்கோடு அடுத்த ஆண்டின் அதே அடுக்குக்கே போகட்டும்.