சென்டினல்

சென்டினல் என்பது, ஓரிடத்தில் காவல் நின்று ஆபத்து நெருங்குவதை முதலில் கண்டு பிறருக்கு அறிவிப்பவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஆகும். படைத்துறைக்குரிய இச்சொல் இன்று கணினியியல், மருத்துவம், சூழலியல், விண்வெளித் தொழில்நுட்பம் ஆகிய துறைகளிலும் பயன்படுகிறது.

சொற்பிறப்பும் பொருளும்

சென்டினெல்லா என்னும் இத்தாலியச் சொல், பிரெஞ்சு மொழி வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற்கு வந்தது. உணர்தல் எனப் பொருள்படும் இலத்தீன் வினைச்சொல்லே இதன் வேர் என்ற கருத்தும் உண்டு. கார்ட் என்னும் சொல் முதன்மையாகப் பாதுகாப்பவரைக் குறிக்கும். சென்டினல் பார்த்துச் சொல்பவரைக் குறிக்கும். எதிரியை வெல்வதைவிட, உறங்கும் முகாம் விழித்துக்கொள்ளப் போதிய நேரம் பெற்றுத் தருவதே அவரது பணி. பிற துறைகளில் இச்சொல் பெறும் பொருளுக்கு இவ்வேறுபாடே அடிப்படை.

கணினியியல்

தரவு வரிசையின் முடிவை அறிவிக்க இடப்படும் சிறப்பு மதிப்பு சென்டினல் மதிப்பு எனப்படுகிறது. சி நிரலாக்க மொழியில் ஒவ்வோர் எழுத்துச்சரத்தின் இறுதியிலும் சுழிய மதிப்புடைய பைட்டு ஒன்று இருக்கும். அது விடுபட்டால் நிரல் சரத்தைத் தாண்டி அடுத்துள்ள நினைவகத்தையும் படிக்கத் தொடங்கும். பல பாதுகாப்புக் குறைபாடுகள் இவ்வாறு தோன்றுகின்றன.

சென்டினல் மதிப்பு உண்மையான தரவாக வர இயலாத ஒன்றாக இருத்தல் வேண்டும். எடுத்துக்காட்டாக, மதிப்பெண்களைக் கூட்டும் நிரலில் -1 என உள்ளிட்டால் நிறுத்துமாறு எழுதலாம். ஆனால் தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கும் தேர்வில் -1 என்பதும் ஒருவர் பெற்ற மதிப்பெண்ணாகலாம். அங்கு நிரல் பாதியிலேயே நின்று தவறான கூட்டுத்தொகையைத் தரும்.

வரிசைமுறைத் தேடலில், தேடப்படும் மதிப்பையே அணியின் இறுதியில் கூடுதலாக வைப்பதும் உண்டு. இதனால் அணி முடிந்ததா என ஒவ்வொரு படியிலும் சோதிக்க வேண்டியதில்லை. கிடைத்தது இறுதியில் வைத்த மதிப்புதானா என முடிவில் ஒருமுறை பார்த்தால் போதும்.

மருத்துவம்

புற்றுநோய்க் கட்டியிலிருந்து நிணநீர் முதலில் சென்றடையும் கணு சென்டினல் நிணநீர்க்கணு ஆகும். டொனால்டு மார்ட்டனும் அவரது குழுவினரும் 1992இல் தோல் புற்றுநோய் வகைகளுள் ஒன்றான மெலனோமாவில், நீலச் சாயத்தைச் செலுத்தி இக்கணுவைக் கண்டறியும் முறையை வெளியிட்டனர். பின்னர் இம்முறை மார்பகப் புற்றுநோய்க்கும் விரிவடைந்தது. இக்கணுவில் புற்றுநோய் இல்லையெனில் மற்றக் கணுக்களுக்கும் பரவியிருக்க வாய்ப்புக் குறைவு. எனவே அக்குளிலுள்ள கணுக்கள் பலவற்றை அகற்றுவதும், அதனால் கையில் நீடித்த வீக்கம் ஏற்படுவதும் பல நோயாளிகளுக்குத் தவிர்க்கப்படுகின்றன.

பொதுச் சுகாதாரத்தில், தேர்ந்தெடுத்த சில மையங்களில் மட்டும் தொடர்ந்து தகவல் திரட்டி நோயின் போக்கை அறிவது சென்டினல் கண்காணிப்பு ஆகும். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்றுக்கான இத்தகைய கண்காணிப்பு 1998 முதல் நாடளாவிய முறையில் நடைபெற்று வருகிறது.

சூழலியல்

மனிதருக்கு முன்னரே தீங்கை உணர்த்தும் உயிரினம் சென்டினல் இனம் எனப்படும். பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கங்களில் கார்பன் மோனாக்சைடை அறியக் கேனரிப் பறவைகள் வைக்கப்பட்டன. இதனைப் பரிந்துரைத்தவர் உடலியங்கியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன். 1986இல் பறவைகளுக்கு மாற்றாக மின்னணுக் கருவிகளைக் கொண்டுவர முடிவு செய்யப்பட்டது.

பெயராக

* சென்டினல் செய்மதிகள்: ஐரோப்பிய ஒன்றியத்தின் கோப்பர்நிக்கசு திட்டத்தைச் சேர்ந்தவை. முதலாவதான சென்டினல்-1ஏ, 2014 ஏப்ரல் 3 அன்று ஏவப்பட்டது. இதன் ரேடார், இரவிலும் மேகத்தினூடாகவும் வெள்ளப் பரப்பைக் காட்ட வல்லது.
* த சென்டினல்: ஆர்தர் சி. கிளார்க் எழுதி 1951இல் வெளிவந்த சிறுகதை.
* வடக்கு சென்டினல் தீவு: அந்தமான் தீவுகளுள் ஒன்று. அங்கு வாழும் பழங்குடியினர் தீவின் பெயராலேயே சென்டினலியர் எனப்படுகின்றனர்.

தமிழாக்கம்

காவல் என்னும் தமிழ்ச்சொல் கண்காணித்தல், பாதுகாத்தல் ஆகிய இரண்டையும் குறிக்கும். ஆகவே காவல் கணு என மொழிபெயர்த்தால், அது புற்றுநோயைத் தடுக்கிறது எனப் பிழையாகக் கொள்ள இடமுண்டு. உண்மையில் அது நோய் பரவியதா என்பதை அறிவிக்க மட்டுமே செய்கிறது. அறிவித்தல் என்னும் கூறு விளங்குமாறு துறைதோறும் சொல்லைத் தெரிவு செய்தல் நன்று.