கூரைமேல் கேரியர்: போலாரத்திலிருந்து ஒரு போக்குவரத்து வரலாறு

ஐதராபாத் நிஜாம் அரசு 1930 ஏப்ரலில் தன் நாட்டு இரயில்வேயைக் கம்பெனியிடமிருந்து விலைகொடுத்து வாங்கியது. ஈராண்டு கழித்து, 1932 ஜூனில், அந்த இரயில்வேயின் ஒரு கிளையாகச் சாலைப் போக்குவரத்துத் துறை தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் 27 பேருந்துகள், 166 பணியாளர்கள். வண்டிகள் கிளாஸ்கோவின் ஆல்பியன் நிறுவனத்தவை. இந்தியாவில் அரசே நடத்திய பேருந்துப் போக்குவரத்தின் வரலாறு பெரும்பாலும் இங்கிருந்துதான் எழுதப்படுகிறது. அவ்வரலாறுகளில் வழித்தடங்கள், பணிமனைகள், கட்டணங்கள் எல்லாம் இடம்பெறும். பேருந்தின் கூரைமேல் இருந்த கம்பித் தட்டு இடம்பெறாது. ஆனால் பேருந்தை நடத்தியது இரயில்வே என்ற செய்தியின் பொருள் முழுதாக விளங்குவது அந்தத் தட்டைப் பார்க்கும்போதுதான்.

இரயிலில் சரக்குக்கென்று தனிப்பெட்டி உண்டு. இரயில் நிலையத்தில் இறங்கியவரைச் சாலைவழி ஊர் சேர்க்க வந்த பேருந்துக்கு அத்தகைய பெட்டி கிடையாது. பயணியோடு வந்த தகரப் பெட்டி, படுக்கைச் சுருணையான ஹோல்டால், தானிய மூட்டை, கோழிக்கூடை ஆகிய அனைத்தும் கூரைக்கு ஏறின. ஆகவே பேருந்தின் கேரியர் என்பது இரயிலின் பார்சல் பெட்டி ஏணி வைத்து மேலேறிய வடிவம் எனலாம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இரயில்வேயே தன் இளமையில் இதைத்தான் செய்தது. 1830-களின் ஆங்கிலேய இரயில்களில் பயணியர் மூட்டைகள், குதிரைவண்டிகளில் வைத்ததைப் போலவே, பெட்டியின் கூரைமேல் கட்டப்பட்டன. இன்ஜினின் தீப்பொறி பட்டு அவை எரிந்தபோதுதான் தனிப்பெட்டி என்ற எண்ணம் வலுப்பட்டது. குதிரைவண்டியிலிருந்து இரயிலுக்குப் போய், அங்கே கைவிடப்பட்ட பழக்கம் நூறாண்டு கழித்து இரயில்வேயின் கையாலேயே தக்காணச் சாலைக்கு வந்து சேர்ந்தது.

அச்சாலைகளில் பயணம் செய்த மக்களைப் புரிந்துகொள்ளப் போலாரம் நல்ல இடம். செகந்திராபாத்துக்கு வடக்கே, ஐதராபாத் கண்டிஜெண்ட் படையின் பாசறையாக வளர்ந்த ஊர் அது. பெரார் ஒப்பந்தத்தை அடுத்து 1903-இல் அப்படை இந்தியப் படையோடு இணைக்கப்பட்டது. பாசறையின் வீதிகளும் சந்தைகளும் நிலைத்தன. பிரிட்டிஷ் ரெசிடெண்டின் கோடைமனை இன்று குடியரசுத் தலைவரின் தென்னக மாளிகையாக இருக்கிறது. மன்மாடு செல்லும் மீட்டர்கேஜ் பாதை இவ்வூர் வழியே போடப்பட்டது. செகந்திராபாத்தின் சென்னைப் படைப்பிரிவுகளைப் பின்தொடர்ந்து தமிழ் பேசும் ஒப்பந்தக்காரர்களும் எழுத்தர்களும் வணிகர்களும் இப்பகுதியில் குடியேறினர். 1862-இல் சோமசுந்தரம் முதலியார் நிறுவிய பள்ளி பின்னர் மெகபூப் கல்லூரியாக வளர்ந்தது அக்குடியேற்றத்தின் அறியப்பட்ட அடையாளம். ஊர்வழக்கில் செகந்திராபாத்துக்கு இன்னும் 'லஷ்கர்', அதாவது படை, என்றே பெயர். படைவீடு என்றால் மாற்றல். மாற்றல் என்றால் மூட்டை முடிச்சு.

அந்த மூட்டைகளுக்கான சொற்களைக் கவனித்தால் மூன்று மொழிகள் ஒன்றையொன்று உரசுவது தெரியும். 'கேரியர்' என்னும் ஒரே ஆங்கிலச் சொல் தமிழில் மிதிவண்டியின் பின்தட்டுக்கும், வண்டிக்கூரையின் தட்டுக்கும், அடுக்குச் சோற்றுப் பாத்திரத்துக்கும் பெயராயிற்று. தெலுங்கில் சோற்றுப் பாத்திரம் 'கேரேஜி'. அங்கே ஏந்துவதன் பெயருக்குப் பதில் வண்டியின் பெயரே பாத்திரத்துக்கு இறங்கிவிட்டது. பாரசீகத்திலிருந்து வந்த 'சாமான்' தக்கினி உருதுவில் பயணமூட்டை. தமிழ் அடுக்களையில் பாத்திரம். கூரைச் சுமையை மழையிலிருந்து காத்த 'தார்ப்பாய்' இவற்றுள் மிக நேர்த்தியானது. ஆங்கிலச் சொல்லின் ஓசையை வாங்கும்போதே தார் என்றும் பாய் என்றும் இரண்டாகப் பிரித்துத் தனக்குள் பொருள்படும்படி தமிழ் அதை ஆக்கிக்கொண்டது. கடன்சொல் என்று தெரியாத அளவுக்கு அது வீட்டுச் சொல்லாகிவிட்டது.

இனி தட்டின் கட்டமைப்புக்கு வருவோம். அன்றைய பேருந்து ஓரிடத்தில் முழுமையாகச் செய்யப்பட்டதன்று. இன்ஜினும் சக்கரங்களும் கொண்ட சேசிஸ் ஓரிடத்திலிருந்து வரும். பாடி வேறோரிடத்தில் கட்டப்படும். ஐதராபாத்தில் இவ்வேலையின் பெரிய பெயர் ஆல்வின். 1942-இல் நிஜாம் அரசின் தொழில்நிதியும் அலாவுதீன் கம்பெனியும் சேர்ந்து தொடங்கிய ஐதராபாத் ஆல்வின் உலோகத் தொழிற்சாலை பிற்காலத்தில் குளிர்பெட்டிகளுக்கும் கைக்கடிகாரங்களுக்கும் பெயர்பெற்றாலும், ஆல்பியன் சேசிஸ்களின்மேல் பேருந்துப் பாடிகளைக் கட்டியதும் அதுவே. தமிழகத்தில் இதே தொழிலைக் கரூர் இன்றும் செய்கிறது.

பழைய பாடியின் எலும்புக்கூடு பெரும்பாலும் மரம், அதன்மேல் தகடு. கூரையில் குறுக்கே வில்போல வளைந்த மரச்சட்டங்கள் இருக்கும். கேரியரின் கால்கள் அச்சட்டங்களின்மேல் நேராக அமர்ந்து, தகட்டைத் துளைத்துச் சட்டத்தினூடே போல்ட் போட்டு இறுக்கப்பட்டால்தான் சுமை சட்டம் வழியாகத் தூண்களுக்கும், தூண்கள் வழியாகச் சேசிஸுக்கும் இறங்கும். இரண்டு சட்டங்களுக்கிடையே வெறுந்தகட்டில் ஊன்றிய கால் சில மாதங்களிலேயே குழி விழச் செய்யும். குழியில் மழைநீர் தேங்கும். போல்ட் துளை வழியே கசியும். மரம் உள்ளிருந்து இற்றுப்போகும். வெளியே வண்ணம் பளபளக்கும் வண்டியில் கூரைச் சட்டம் கைப்பிடியில் உதிர்வது இவ்வாறுதான்.

அலுமினியத் தகடு பரவியபின் இன்னொரு சிக்கல் சேர்ந்தது. இரும்புக் காலும் அலுமினியத் தகடும் ஈரத்தோடு ஒன்றையொன்று தொட்டால் மின்வேதி அரிப்பு ஏற்பட்டு அலுமினியம் வெண்பொடியாக உதிரும். இரண்டுக்கும் இடையே ரப்பர் துண்டு வைப்பது சிறிய செலவுதான். அது வைக்கப்படாத வண்டிகளே மிகுதி. ஆகவே பழைய வண்டியில் கேரியரை மாற்றுவது என்று பேசுகிறவர் உண்மையில் கூரையை மாற்றுவது பற்றியே பேசுகிறார். புதுக் கம்பிகளை வளைத்து வெல்டிங் செய்வது அரைநாள் வேலை. அதன் கால்கள் ஊன்ற நல்ல சட்டம் இருக்கிறதா என்பதே கேள்வி. இல்லையென்றால் உள்கூரையைக் கழற்றி, இற்ற சட்டத்தை அறுத்தெடுத்து, அதே வளைவில் புதுச்சட்டம் இழைத்துப் பொருத்த வேண்டும்.

அம்பாசிடர் போன்ற கார்களில் கதை சற்று மாறுகிறது. அங்கே கூரையைத் துளைப்பதில்லை. கூரைத் தகடும் பக்கத் தகடும் சேரும் விளிம்பில் மழைநீர் வடிய ஒரு காலுவாய் ஓடும். கேரியரின் கால்கள் அதைக் கவ்விப் பிடிக்கும். தண்ணீர் வழிய அமைத்த விளிம்பு பாரம் சுமக்கும் விளிம்பாயிற்று. தண்ணீரும் பாரமும் ஒரே இடத்தில் சேர்ந்தால் துரு வருவதில் வியப்பில்லை. பழைய காரில் கேரியர் ஆடுகிறது என்றால் திருகை மேலும் இறுக்குவதே பலர் செய்வது. உள்ளே ஸ்பாட்வெல்டிங் விட்டுப்போன காலுவாய் அந்த இறுக்கத்தில் பிளந்துவிடும். டிங்கர் வேலை தெரிந்தவர் முதலில் கேரியரைக் கழற்றி வைத்து, வண்ணத்தைச் சுரண்டி, விளிம்பைத் தட்டிப் பார்ப்பார். பட்டி பூசி மூடப்பட்ட துரு அங்கேதான் அகப்படும். அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றது. இன்றைய கார்களில் அக்காலுவாயே இல்லாததால் பழைய கவ்வுகால்களும் கடைகளில் அரிதாகிவிட்டன. உடைந்ததைச் சீர்படுத்துவதே வழி. மும்பையின் பிரீமியர் பத்மினி டாக்சிகளில் கூரைக் கேரியர் அவ்வண்டியின் முகத்தில் ஒரு பகுதியாகவே இருந்தது. 2023 அக்டோபரில் அவற்றுள் கடைசி வண்டியும் சாலையிலிருந்து விலகியது.

சட்டம் இதனை எப்படிப் பார்த்தது? கூரைமேல் சரக்கு என்றால் சில நாளில் கூரைமேல் ஆளும் என்பதே இந்தியச் சாலைகளின் அனுபவம். சந்தை நாளிலும் திருவிழா நாளிலும் ஏணியில் முதலில் மூட்டை ஏறும், பிறகு மூட்டைக்கு உரியவர் ஏறுவார். மரக்கிளையும் தாழ்ந்த மின்கம்பியும் திடீர் பிரேக்கும் பலரைக் கொன்றன. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு வண்டியின் கூரைமீதும் படிமீதும் பயணம் செய்வதை வெளிப்படையாகத் தடுக்கிறது. 1989-ஆம் ஆண்டு மத்திய விதிகள் ஒற்றைத்தளப் பேருந்தின் உயரத்தை 3.8 மீட்டருக்குள் நிறுத்தின. உயரம் பற்றிய அக்கறை வெறும் பாலத்தின் அடியில் நுழைவது பற்றியதன்று. கூரைமேல் ஏறும் ஒவ்வொரு மூட்டையும் வண்டியின் எடைமையத்தை மேலே தூக்குகிறது. வளைவில் வண்டி சாய்வது அங்கிருந்து தொடங்குகிறது. கேரியர் மறைந்ததை நவீனத்தின் அழகுணர்ச்சி என்று மட்டும் எழுதுவோர் இந்தச் சாவுகளை மறந்துவிடுகிறார்கள். அதே மூச்சில், கேரியரோடு ஏணியேறிப் பிழைத்த சுமைக்கூலிகளின் வருமானமும் போயிற்று என்பதைப் பாதுகாப்பு பற்றி எழுதுவோர் மறக்கிறார்கள். சரக்கு கூரையை விட்டு வண்டியின் வயிற்றுக்குள் இறங்கியது. ஓட்டுநரும் நடத்துநருமே கதவைத் திறந்து உள்ளே தள்ளினர். கூரையில் குளிர்சாதனப் பெட்டி அமர்ந்தது.

சீரமைப்போருக்கு உண்மையான நெருக்கடி இரண்டு சட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. வண்டியின் பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றுக்கு மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்பது 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. இரும்புக் கேரியர் வண்டியின் எடையையும் உயரத்தையும் மாற்றும் என்பதால் அதைச் சாதாரண அலங்காரப் பொருள் என்று தள்ளிவிட முடியாது. மறுபுறம், 2021-இல் வந்த விதிகள் 50 ஆண்டு கடந்த இருசக்கர, நாற்சக்கர வண்டிகளைப் பழம்பெரும் வாகனங்களாகத் தனியே பதிவுசெய்ய இடமளித்தன. முதற்பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு பத்தாண்டு செல்லும். நிபந்தனை, வண்டி அதன் மூல வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும். பெரும் மாற்றம் கூடாது.

மூல வடிவம் என்பது எது? சேசிஸ் கிளாஸ்கோவிலிருந்து வந்தது, பாடியை இங்கே கட்டினர், கேரியர் பணிமனையில் மூன்று முறை மாற்றப்பட்டது என்றால் மூன்றில் எதை மூலம் என்பது? சேசிஸ் அப்படியே இருக்கப் பாடியை அடியோடு மாற்றுவது அக்காலப் பேருந்துத் துறையில் இயல்பான செயல். மிலிந்த மன்னனிடம் பௌத்த பிக்கு நாகசேனர் தேரைச் சுட்டி, அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று கேட்ட கேள்விதான் இது. பதிவு அலுவலகத்தில் அக்கேள்விக்கு ஒரு படிவத்தில் விடை எழுத வேண்டியிருப்பதே வேறுபாடு. தொழிற்சாலையில் முழுமையாகப் பிறந்த காரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட 'மூலம்' என்ற சொல், கைவினைஞர் பலரின் கையில் கட்டங்கட்டமாக உருவான வண்டிக்குப் பொருந்தவில்லை. அத்தகைய வண்டிக்குப் பணிக்கால வடிவம் என்ற அளவுகோலே நேர்மையானது. கேரியரோடு இருபதாண்டு ஓடிய வண்டிக்குக் கேரியர் மூலமே.

1932-ஆம் ஆண்டின் ஆல்பியன் வண்டிகளுள் ஒன்று 'டெக்கான் குயின்' என்ற பெயரில் ஐதராபாத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளது. அரசுப் பேருந்துகளின் பதிவெண்ணில் வரும் 'இசட்' எழுத்து ஏழாம் நிஜாமின் தாயார் பெயரின் முதலெழுத்து என்று நகர மக்கள் சொல்வதுண்டு. பெயர்களையும் எழுத்துகளையும் பேணுவதில் ஊருக்கு இருக்கும் ஆர்வத்தில் சிறுபகுதி கூரைக்கும் கிடைக்கலாம். கேரியர் பிடுங்கப்பட்ட பழைய வண்டியின் உள்கூரையை அகற்றினால் சட்டங்களில் போல்ட் துளைகள் வரிசையாகத் தெரியும். சில வண்டிகளில் இரண்டு வரிசை இருக்கும். ஒன்று நெருக்கமாக, மற்றொன்று அகன்று. நெருக்கமான துளைகள் மூட்டைகளுக்கான குறுந்தட்டையும், அகன்றவை கூரை முழுவதும் பரவிய நெடுந்தட்டையும் காட்டக்கூடும். துளையின் விட்டத்தையும் இடைவெளியையும் அளந்து, புகைப்படம் எடுத்தபிறகே மரத்தூள் கலவையால் அவற்றை அடைக்க வேண்டும். வண்ணம் பூசுகிறவர் வருவதற்கு முன்பே இந்த வேலை முடிந்திருக்க வேண்டும்.