பாலத்தடியில் ஒரு பூங்கா

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்மேற்கு மூலையில், மெக்ஸிகோ எல்லைக்கு அண்மையில், சான் டியேகோ என்னும் துறைமுக நகரம் உள்ளது. அதன் கரையோரத்து லோகன் பகுதியில், 1910இல் மூண்ட மெக்ஸிகோப் புரட்சிக்குப் பின் பிழைப்பை நாடி வந்தோர் பெருந்தொகையாகக் குடியேறினர். மீன் பதனிடும் ஆலைகளிலும் கப்பல் தளங்களிலும் உழைத்தனர். தம் மொழியையும் விழாக்களையும் அங்கேயே வேரூன்றச் செய்தனர். பிழைக்க வந்த ஊரைச் சொந்த ஊராக்கிக்கொள்ளும் அம்முயற்சி நமக்கும் புதிதன்று.

அவர்கள்மீது இடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கடற்படைத் தளங்கள் பெருகவே, கடற்கரைக்குச் செல்லும் வழி அடைபட்டது. 1950களில் நகராட்சி விதிகளை மாற்றியது. வீடுகளுக்கு நடுவே பழைய மோட்டார் உடைக்கும் கிடங்குகள் முளைத்தன. 1963இல் நெடுஞ்சாலையொன்று குடியிருப்பை இரண்டாகப் பிளந்தது. 1969இல் கொரோனாடோ பாலம் திறக்கப்பட்டபோது, வீடுகள் இருந்த இடத்தில் கான்கிரீட் தூண்களே நின்றன. அவற்றின் அடியில் பூங்கா அமைத்துத் தருவதாக மட்டும் உறுதி கூறப்பட்டிருந்தது.

1970 ஏப்ரல் 22ஆம் நாள் மண்வாரி இயந்திரங்கள் வந்தன. விசாரித்தபோதுதான், நெடுஞ்சாலைப் போலீஸ் நிலையம் கட்ட அவை வந்துள்ளன என்பது தெரிந்தது. மாணவரும் தாய்மாரும் முதியோரும் திரண்டு வேலையை மறித்தனர். பன்னிரண்டு நாள் அந்நிலத்தை விட்டு அகலவில்லை. கள்ளியும் மலர்ச் செடிகளும் நட்டனர். முடிவில் அதிகாரிகள் இணங்கினர்.

நிலம் கிடைத்தது, தூண்களை என் செய்வது? அப்பகுதியிலேயே வளர்ந்த ஓவியர் சல்வடோர் டோரஸ் அவற்றையே சித்திரச் சுவர்களாகக் கண்டார். 1973இல் வேலை தொடங்கியது. முதல் நாள் ஊரார் நூற்றுக்கணக்கில் கூடி, கைக்கு வந்தபடி வண்ணம் பூசினர். ஓவியர்கள் பின்னரே அதனை ஒழுங்குபடுத்தினர். இவ்வரலாற்றில் என் மனத்தைக் கவர்வது அந்த ஒழுங்கின்மையே. ஏழைகள் வாழும் தெருவுக்கு அழகூட்ட வெளியிலிருந்து ஓவியரை அனுப்பும் வழக்கம் பல நகரங்களில் உண்டு. இங்கோ மண்ணை முதலில் மீட்டவர்களே, அதில் எதனை எழுதுவது என்றும் முடிவு செய்தனர். பண்டை அஸ்டெக் தெய்வங்களும், குவாடலூப்பே அன்னையும், உழவர் தலைவர் சப்பாத்தாவும் தூண்களில் எழுந்தருளினர். 1977இல் தீட்டிய ஒரு சித்திரம் மோட்டார்க் கிடங்குகளையே எதிர்த்துக் குரல் கொடுத்தது.

பின்னாளில் நிலநடுக்கத்துக்கு அஞ்சித் தூண்களை வலுப்படுத்த அரசு முற்பட்டபோதும், ஊரார் போராடிச் சித்திரங்களைக் காத்தனர். 2016இல் அப்பூங்கா தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று. 2022இல் அருகிலேயே அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது.

புகழ் வந்தபின் வாடகையும் உயர்ந்தது. அதனைத் தாங்கமாட்டாது வெளியேறிய பழங்குடிகள் பலர். சித்திரத்தால் அதனைத் தடுக்க இயலவில்லை. ஆயினும் ஆண்டுதோறும் ஏப்ரலில் பாலத்தடியில் விழா நடைபெறுகிறது. 2011இல் மங்கிய தூண்களுக்கு மறுவண்ணம் தீட்டத் தொடங்கியபோது, முதலில் தீட்டிய ஓவியர்கள் சிலரே முதுமையையும் பொருட்படுத்தாது தூரிகையோடு வந்து நின்றனர்.