திருமலையின் தங்கம்மா

திருகோணமலைத் துறைமுகத்தின் சரித்திரத்தை எழுதுவோர், கோட்டையை ஆண்ட போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் வரிசையைத் தவறவிடுவதில்லை. அதே நகரில் 1923இல் சைவப் பெண்பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடம் தொடங்கிய தங்கம்மா சண்முகம்பிள்ளைக்கு ஒரு வரி கிடைத்தால் பெரிது. இன்றைய ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி அவர் போட்ட அத்திவாரத்தில் நிற்கிறது. கிடைக்கும் அந்த ஒரு வரியும் அவரைக் கல்விக் கொடையாளர் என்று சொல்லி நிறுத்திவிடும். இலங்கைப் பெண்களின் அரசியல் வரலாற்றிலேயே அவருக்கு இடம் தரவேண்டும் என்கிறேன்.

வாக்குரிமைக்காக, இலங்கையின் அரசியலமைப்பை ஆராய வந்த டொனமூர் ஆணைக்குழுவின் முன் வாதாடியவர்கள் அக்னஸ் டி சில்வா போன்ற கொழும்புப் பெண்கள்தானே, தங்கம்மாவுக்கு அதில் என்ன பங்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் 1931இல் கிடைத்த உரிமை எப்படிப்பட்டது என்று பாருங்கள். 21 வயது நிரம்பிய ஆண், பெண் எல்லோருக்கும் வாக்கு. பிரெஞ்சுப் பெண்கள் அதற்கு 1944 வரை காத்திருந்தார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நான்கு தொகுதிகள் 1931இன் அரசாங்க சபைத் தேர்தலைப் புறக்கணித்தன. திருகோணமலை அதில் சேரவில்லை. வாக்களிக்க எழுத்தறிவு தேவைப்படவில்லை. வேட்பாளர்களுக்கு நிறங்கள் ஒதுக்கி, அந்தந்த நிறப் பெட்டியில் சீட்டைப் போடச் செய்தார்கள். அரசாங்க சபையில் உட்காரவோ ஆங்கிலம் பேசவும் வாசிக்கவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். ஆக, வாக்களிக்கும் உரிமையைச் சட்டம் கொடுத்தது. ஆசனத்துக்குப் போகும் வழியைப் பள்ளிக்கூடம்தான் திறக்க வேண்டியிருந்தது. 1932இல் கொழும்பு வடக்கில் வென்ற நேசம் சரவணமுத்துவைப் போல ஒருவர் கிழக்கிலிருந்து எழவேண்டுமானால், முதலில் அங்கே பெண்பிள்ளை வகுப்பில் உட்கார்ந்தாக வேண்டும்.

மிஷன் பள்ளிகளிலிருந்து சமயத்தைக் காக்கத்தானே இத்தகைய பள்ளிகள் எழுந்தன என்பது அடுத்த ஆட்சேபம். அந்த நோக்கம் இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. பின்னாளில் பள்ளி இராமகிருஷ்ண மிஷனின் நிர்வாகத்துக்குப் போனதும் அதற்குப் பொருந்தியதே. இந்த ஆட்சேபத்துக்கு இதைவிடக் கனமான சான்று சேர். பொன். இராமநாதன். 1913இல் பெண்களுக்குக் கல்லூரி கட்டிய அவரே பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்றார். பெண்கல்வி தானாக அரசியல் விடுதலையாகிவிடாது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. ஆனாலும் படித்த பெண் நிறுவியவரின் எல்லைக்குள் நிற்கவேண்டும் என்று எந்தப் பள்ளியும் கட்டளையிட்டு வெற்றிபெற்றதில்லை. தவிர, ஒரு பெண் ஊருக்கு நடுவே பொது நிறுவனம் எழுப்பினாள் என்ற நடப்பை, வாக்கு வருவதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே திருமலைப் பிள்ளைகள் கண்ணெதிரே கண்டார்கள். இராமநாதனின் மாணவிகளுக்கு அவர்களுடைய நிறுவனர் தராத பாடம் அது.