ஹோலோகிராம் ஒளியியல் உறுப்பு

ஹோலோகிராம் ஒளியியல் உறுப்பு என்பது ஒளிக்கற்றையைக் குவித்தல், திருப்புதல், பிரித்தல் முதலிய செயல்களை நுண்ணிய கீற்றுகளால் ஆன கோலம் ஒன்றின் விளிம்பு விளைவினால் நிகழ்த்தும் கருவிப்பகுதி ஆகும். வழமையான வில்லை ஒளிவிலகலாலும், ஆடி எதிரொளிப்பாலும் இயங்குகின்றன. இவ்வுறுப்போ தட்டையான மெல்லிய தகடாக இருந்துகொண்டே வில்லையாகவும் ஆடியாகவும் கற்றைப் பிரிப்பியாகவும் செயற்படவல்லது. பட்டைக்குறிகளைப் படிக்கும் சீரொளி (லேசர்) வருடிகளிலும், குறுவட்டு, டிவிடி போன்ற ஒளியியல் வட்டுகளைப் படிக்கும் கருவிகளிலும் இது பயன்பட்டுள்ளது.

ஹோலோகிராம் முறையில் தகவலைச் சேமிக்கும் வட்டுகள் வேறு. அவற்றில் ஹோலோகிராமே தரவு ஆகும். இங்கு விவரிக்கப்படுவது தரவைப் படிக்க உதவும் ஒளியியல் உறுப்பு மட்டுமே.

அடிப்படை

ஒரே மூலத்திலிருந்து வரும் இரு ஒளியலைகள் சந்திக்கும்போது குறுக்கீட்டு விளைவினால் ஒளிர்வும் இருளுமான கீற்றுகள் தோன்றுகின்றன. இக்கீற்றுகளை ஓர் ஒளியுணர் படலத்தில் பதிந்தால் ஹோலோகிராம் கிடைக்கிறது. பின்னர் அவ்விரு அலைகளுள் ஒன்றை அதன்மீது செலுத்தினால் மற்றது மீண்டும் உருவாகிறது. ஓர் இணைகற்றையையும் ஒரு புள்ளியிலிருந்து விரியும் கற்றையையும் கொண்டு பதியப்பட்ட ஹோலோகிராம், இணைகற்றையைப் புள்ளியாகக் குவிக்கும் வில்லையாகச் செயற்படுவது இதனால்தான்.

ஒளி எத்திசையில் வெளியேறும் என்பதைக் கீற்றிடைவெளியும் அலைநீளமும் தீர்மானிக்கின்றன. நுழைகோணம், வெளியேறு கோணம் ஆகிய இரண்டின் சைன் மதிப்புகளைக் கூட்டினால், அலைநீளத்தைக் கீற்றிடைவெளியால் வகுத்த ஈவு கிடைக்கும். எனவே அலைநீளம் மாறினால் ஒளி செல்லும் திசையும் மாறும். கண்ணாடி வில்லையிலும் நிறத்திற்கேற்ற மாற்றம் உண்டு எனினும் அது மிகச் சிறிது. இவ்வுறுப்பின் சிறப்பும் குறையும் இந்த ஒரே பண்பிலிருந்து பிறக்கின்றன.

வரலாறு

ஹோலோகிராமின் தத்துவத்தை டென்னிஸ் கேபர் 1947இல் இங்கிலாந்தில் கண்டறிந்தார். இதற்காக 1971ஆம் ஆண்டின் இயற்பியலுக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. 1960இல் சீரொளி உருவான பின்னரே இத்துறை வேகம் பெற்றது. 1962ஆம் ஆண்டு தொடக்கம் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எம்மெட் லீத், யூரிஸ் உபாட்னியெக்ஸ் ஆகியோரும் சோவியத் ஒன்றியத்தில் யூரி டெனிசியுக்கும் புதிய பதிவு முறைகளை வெளியிட்டனர். 1966இல் பிரவுன், லோமன் ஆகியோர் கணினி மூலம் கணக்கிட்டு வரையப்பட்ட ஹோலோகிராமை அறிமுகப்படுத்தினர். தடித்த ஹோலோகிராம்களின் திறனைக் கணக்கிடும் கோட்பாட்டை 1969இல் ஹெர்விக் கோகெல்னிக் வெளியிட்டார்.

ஹோலோகிராமைச் சுழற்றி ஒளிக்கற்றையை அசைக்கலாம் என்பதை 1967இல் ஐவன் சிண்ட்ரிச் எடுத்துக்காட்டினார்.

உருவாக்கும் முறைகள்

- ஒளியியல் பதிவு: டைகுரோமேட் கலந்த ஜெலட்டின், வெள்ளி உப்புப் படலம், ஒளியுணர் பிசின் ஆகியவற்றில் இரு சீரொளிக் கற்றைகளால் நேரடியாகப் பதிதல். தடித்த ஜெலட்டின் படலத்தில் பெரும்பகுதி ஒளியை ஒரே திசைக்குத் திருப்ப இயலும்.
- கணினிவழி ஆக்கம்: கோலத்தைக் கணக்கிட்டு, கண்ணாடியில் படிகளாக அரித்தெடுத்தல். இரண்டு படிகள் கொண்ட கோலம் கொள்கையளவில் 40.5 விழுக்காடு ஒளியையும், நான்கு படிகள் கொண்டது 81 விழுக்காட்டையும், எட்டுப் படிகள் கொண்டது 95 விழுக்காட்டையும் வேண்டிய திசைக்கு அனுப்பும்.
- அச்சு வார்ப்பு: மூலத்திலிருந்து உலோக அச்சு எடுத்து, நெகிழியில் வார்த்தல். பெருமளவு உற்பத்திக்கு இதுவே மலிவானது.

சீரொளி வருடிகளில்

பல்பொருள் அங்காடிகளில் பட்டைக்குறியைப் படித்து விலையிடும் முறை, 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள டிராய் நகரில் தொடங்கியது. பொருள் எந்தக் கோணத்தில் வைக்கப்பட்டாலும், எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் படித்தாக வேண்டும். எனவே பல திசைகளிலும் பல தொலைவுகளிலும் வருடும் கோடுகள் தேவைப்பட்டன. ஆடிகளையும் வில்லைகளையும் மட்டும் கொண்டு இதனைச் செய்வது கடினம்.

1980இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட 3687 என்னும் வருடி இதற்கு ஹோலோகிராம் வட்டைப் பயன்படுத்தியது. வட்டு பல கூறுகளாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு கூறிலும் தனித்தனி ஹோலோகிராம் பதியப்பட்டது. வட்டு சுழலும்போது ஒவ்வொரு கூறும் சீரொளியைத் தனக்குரிய தொலைவில் குவித்து ஒரு கோட்டை வரையும். பொருளிலிருந்து சிதறித் திரும்பும் ஒளியைத் திரட்டி உணரிக்கு அனுப்பும் பணியையும் அதே கூறு செய்தது. இவ்வாறு ஒரு சுழல் வட்டு பல வில்லைகளின் வேலையை ஏற்றது.

தள்ளாட்டம்

சுழலும் பன்முக ஆடியில் ஒரு முகம் சிறிது சாய்ந்திருந்தாலும், எதிரொளிக்கும் கற்றை அச்சாய்வைப் போல் இரு மடங்கு விலகும். சீரொளி அச்சுப்பொறிகளில் இது கோடுகளின் இடைவெளியைச் சீரற்றதாக்கும். ஆகவே ஆடியை மிகத் துல்லியமாகச் செதுக்க வேண்டும். அல்லது உருளை வில்லையால் பிழையைத் திருத்த வேண்டும்.

ஒளி ஊடுருவிச் செல்லும் ஹோலோகிராம் வட்டில் நிலைமை வேறு. நுழைகோணமும் வெளியேறு கோணமும் சமமாக இருந்தால், வட்டு சாயும்போது ஒன்று கூடும் அளவே மற்றது குறையும். வெளியேறும் திசை ஏறத்தாழ மாறுவதில்லை. இரு கோணங்களும் 45 பாகையாக இருக்கையில், வட்டு 0.1 பாகை சாய்ந்தால் கற்றை ஏறத்தாழ 0.0002 பாகையே விலகும். அதே சாய்வுக்கு ஆடியில் விலகல் 0.2 பாகை. அதாவது பிழை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. வரையப்படும் கோடு வளையாமல் ஏறக்குறைய நேராக அமைவதும் இதே 45 பாகை அமைப்பில்தான். ஹீலியம்-நியான் சீரொளியின் 632.8 நானோமீட்டர் அலைநீளத்திற்கு, மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 2235 கீற்றுகள் இதற்குத் தேவை. இப்பண்பை அடிப்படையாகக் கொண்ட சமதளக் கீற்றணி வருடிகளைச் சார்லஸ் கிரேமர் உருவாக்கினார்.

அலைநீளச் சிக்கல்

ஹீலியம்-நியான் சீரொளியின் அலைநீளம் நிலையானது. அதற்கு மாற்றாகச் சிறியனவும் மலிவானவுமான குறைகடத்திச் சீரொளி இருமுனையங்கள் வந்தபோது ஹோலோகிராம் வருடிகளுக்குப் புதிய இடர் எழுந்தது. இருமுனையத்தின் வெப்பநிலை மாறினால் அதன் அலைநீளமும் மாறும். சில வேளைகளில் திடீரெனத் தாவும். 780 நானோமீட்டர் ஒளிக்காக மேற்கூறிய 45 பாகை அமைப்பில் செய்யப்பட்ட வட்டில், அலைநீளம் 0.3 நானோமீட்டர் மாறினாலே கற்றை ஏறத்தாழ 0.044 பாகை விலகும். 300 மில்லிமீட்டர் தொலைவில் இது 0.23 மில்லிமீட்டர் இடப்பெயர்ச்சி ஆகும். அங்குலத்திற்கு 600 புள்ளிகள் இடும் அச்சுப்பொறியில் இரு புள்ளிகளுக்கு இடையிலான தொலைவு 0.042 மில்லிமீட்டர் மட்டுமே. ஆகவே ஒரு தாவல் ஐந்து புள்ளிகளுக்கு மேற்பட்ட பிழையைத் தரும். வட்டின் தள்ளாட்டத்தை வென்ற உறுப்பு ஒளிமூலத்தின் தள்ளாட்டத்திற்கு ஆட்பட்டது. இதனை ஈடுசெய்ய இரண்டாவது கீற்றணி முதலிய துணை உறுப்புகள் வேண்டியிருந்தன. சீரொளி அச்சுப்பொறிகளில் பன்முக ஆடியே பரவலாக நிலைபெற்றது.

ஒளியியல் வட்டுக் கருவிகளில்

குறுவட்டு

குறுவட்டு 1982இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 780 நானோமீட்டர் சீரொளியும், 0.45 எண்ணியல் துளை கொண்ட வில்லையும் 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளியுள்ள தடங்களைப் படிக்கின்றன. சுழலும் வட்டு அரை மில்லிமீட்டர் வரை மேலும் கீழும் அசையலாம். குவியமோ ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டருக்கு மேல் பிசகக்கூடாது. எனவே படிப்புத் தலையானது தரவைப் படிப்பதோடு, குவியப் பிழையையும் தடப் பிழையையும் இடையறாது அளந்து வில்லையை நகர்த்த வேண்டும்.

தொடக்ககாலத் தலைகளில் இப்பணிகளுக்குக் கற்றைப் பிரிப்பி, உருளை வில்லை, கீற்றணி எனத் தனித்தனிப் பகுதிகள் இருந்தன. அவை ஒவ்வொன்றையும் நுட்பமாகச் சீரமைக்க வேண்டும். 1980களின் பிற்பகுதியில் என்இசி நிறுவன ஆய்வாளர்கள் இப்பணிகளை ஒரே ஹோலோகிராமில் இணைத்த தலைகளைப் பற்றி வெளியிட்டனர். சார்ப் நிறுவனமும் இத்தகைய அலகுகளை உருவாக்கியது. இவ்வமைப்பில் சீரொளி இருமுனையமும் ஒளியுணரிகளும் ஒரே உறைக்குள் அருகருகே அமைகின்றன. உறையின் மூடியாக ஹோலோகிராம் தகடு உள்ளது. அது பின்வருமாறு இயங்குகிறது:

- தகட்டின் அடிப்பக்கக் கீற்றணி, கற்றையை மூன்றாகப் பிரிக்கிறது. நடுக்கற்றை தரவைப் படிக்கும். இருபுறக் கற்றைகள் தடப் பிழையை உணர்த்தும்.
- வட்டிலிருந்து திரும்பும் ஒளியை, மேற்பக்க ஹோலோகிராம் பக்கவாட்டில் உள்ள உணரிகளுக்குத் திருப்புகிறது.
- ஹோலோகிராம் இரு பகுதிகளாகப் பகுக்கப்பட்டுள்ளதால், குவியம் பிசகும்போது உணரிகளில் ஒளி பகிரும் விதம் மாறுகிறது. அதுவே குவியப் பிழைக் குறிகை ஆகும்.

இதில் ஒளி இழப்பு மிகுதி. போகும்போது திரும்பாமல் கடக்கும் பங்கும், வரும்போது திரும்பும் பங்கும் மட்டுமே பயன்படுகின்றன. இரண்டு படிகள் கொண்ட கோலத்தில் இவற்றின் பெருக்கல் ஏறத்தாழ 10 விழுக்காட்டைத் தாண்டாது. படிப்பதற்கு இது போதுமானது. எழுதும் கருவிகளுக்கு மிகுதியான ஒளி வேண்டும். அவற்றில், ஒளியின் முனைவாக்கத்தைப் பொறுத்துச் செயற்படும் ஹோலோகிராமைக் கால் அலைத் தகட்டுடன் சேர்த்து இழப்பைக் குறைக்கலாம்.

வருடியில் கேடாக இருந்த அலைநீள மாற்றம் இங்கு அவ்வளவு தீங்கு தரவில்லை. ஹோலோகிராமிலிருந்து உணரி சில மில்லிமீட்டர் தொலைவிலேயே இருப்பதால் ஒளிப்புள்ளியின் இடப்பெயர்ச்சி மிகச் சிறிது. அது நகரும் திசையில் உணரியை நீளமாக அமைத்தால் குறிகை கெடாது.

டிவிடி

1996இல் வெளிவந்த டிவிடியில் ஒளி கடக்கும் அடுக்கின் தடிமன் 0.6 மில்லிமீட்டர், குறுவட்டில் அது 1.2 மில்லிமீட்டர். ஒன்றுக்காக அமைந்த வில்லை மற்றதில் கோளப் பிறழ்ச்சியை உண்டாக்கும். மக்களிடம் ஏற்கெனவே இருந்த குறுவட்டுகளைப் புதிய கருவி படிக்க வேண்டும் என்பதால் இது இன்றியமையாத சிக்கலாக இருந்தது. 1994இல் மட்சுஷிடா நிறுவன ஆய்வாளர்கள் இதற்கு இரட்டைக் குவியத் தலையை வெளியிட்டனர். அதில் ஹோலோகிராமைத் திரும்பாமல் கடக்கும் ஒளி டிவிடியிலும், விளிம்பு விளைவால் விரியும் ஒளி குறுவட்டிலும் குவியும்.

எனினும் 650 நானோமீட்டர் சீரொளி ஒன்றை மட்டும் கொண்ட தலையால், ஒருமுறை எழுதும் குறுவட்டுகளைப் படிக்க இயலவில்லை. அவற்றின் சாயப் படலம் 780 நானோமீட்டர் ஒளிக்கென அமைந்தது. 650 நானோமீட்டரில் அது போதிய ஒளியை எதிரொளிப்பதில்லை. இதனால் பின்வந்த கருவிகளில் இரு சீரொளிகள் இடம்பெற்றன.

புளூ-ரே வட்டு

2003இல் ஜப்பானில் அறிமுகமான புளூ-ரே வட்டு, 405 நானோமீட்டர் சீரொளியையும் 0.85 எண்ணியல் துளையையும் பயன்படுத்துகிறது. மூவகை வட்டுகளையும் படிக்கும் தலைகளில் மூன்று அலைநீளங்கள் ஒரே பாதையில் வருகின்றன. ஒரு படியின் ஆழம் ஓர் ஒளிக்கு முழு அலைநீளங்களின் பாதை வேறுபாட்டைத் தந்தால், அந்த ஒளி படியே இல்லாததுபோல் கடந்துவிடும். வேறு அலைநீளம் கொண்ட ஒளியோ திரும்பும். காட்டாக, 810 நானோமீட்டர் பாதை வேறுபாடு 405 நானோமீட்டர் ஒளிக்கு மிகச் சரியாக இரண்டு அலைகள். 650 நானோமீட்டர் ஒளிக்கு ஒன்றேகால் அலை. இவ்வாறு ஒரே உறுப்பு ஒவ்வொரு நிறத்திற்கும் வெவ்வேறு வில்லையாக அமைகிறது. மேலும், இதன் நிறப்பிரிகை கண்ணாடி வில்லைக்கு எதிர்த்திசையில் இருப்பதால், வில்லையின் நிறப்பிறழ்ச்சியைத் திருத்தவும் பயன்படுகிறது.

இன்றைய நிலை

அங்காடிகளில் ஒளிப்படக் கருவி கொண்டு பட்டைக்குறியைப் படிக்கும் முறை பரவிவருகிறது. இணையவழி ஒலி, ஒளிச் சேவைகளால் 2010களில் ஒளியியல் வட்டுகளின் பயன்பாடு குறைந்தது. ஆயினும் இத்துறைகளில் வளர்ந்த கணக்கீட்டு, வார்ப்பு முறைகள் தொடர்ந்து பயன்படுகின்றன. ஓட்டுநரின் பார்வைக்கு நேரே தகவல் காட்டும் திரைகள், மிகைமெய்க் கண்ணாடிகள் ஆகியவற்றில் ஹோலோகிராம் ஒளியியல் உறுப்புகள் இடம்பெறுகின்றன. அவற்றிலும் குறிப்பிட்ட அலைநீளத்தை மட்டும் திருப்பி மற்றவற்றைக் கடக்கவிடும் பண்பே பயன்படுத்தப்படுகிறது.